கல்வேலிக்கு மேலால் கண்டது

1964ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 9ஆந் திகதி, புதன்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழும்பினேன். சோளகக் காற்று முதல் நாளைவிடக் குறைவு. கிணற்றில் ஆறு வாளி அள்ளிக் குளித்தேன். தண்ணீரில் உவர்ப்பு ஏறியிருந்ததால் குடிப்பதற்கு நல்ல கிணற்றுக்குப் போய் ஒரு குடம் கொண்டு வந்தேன். ஆறு மணிக்கு லோஞ்சிப் படகு புறப்பட்ட சத்தம் கேட்டது. ஆறரைக்குத் தேநீர், நேற்றைய பிட்டு. ஏழு மணிக்கு விறாந்தை மேசையைத் துடைத்து, பதிவுப் புத்தகங்கள் மூன்றையும் பிறப்பு, விவாகம், இறப்பு என்று இடமிருந்து வலமாக வைத்து, மைக்கூட்டை நிரப்பினேன்.

அப்போது எனக்கு முப்பத்துநாலு வயது. நெடுந்தீவில் ஒரு பகுதிக்குப் பதிவுகாரராக இருந்தேன். திடீர் மரண விசாரணை அதிகாரி என்ற பொறுப்பும் என்னிடமே இருந்தது. கடலில் தாழ்ந்தவர்கள், பனையால் விழுந்தவர்கள், பாம்பு கடித்தவர்கள் என்று வருடத்தில் சில பேர். உடலைப் பார்த்து, கண்டவர்களின் வாக்குமூலத்தை எழுதி, நீதவானுக்கு அனுப்ப வேண்டும். கொலை என்று ஒன்று அந்த செப்டெம்பர் முதலாந் திகதி வரையில் என் கைக்கு வரவில்லை.

இறந்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். மாடுகளும் பனங்காணியும் உள்ளவர். செவ்வாய்க்கிழமை காலை, அவருடைய பனங்காணியின் கல்வேலி ஓரத்தில், பின்மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் வேலிக் கல் ஒன்று இரத்தத்தோடு கிடந்தது. பக்கத்துக் காணிக்காரருக்கும் அவருக்கும் ஒரு நாம்பன் மாட்டால் சண்டை. பக்கத்துக் காணிக்காரரின் நாம்பன் வேலியைத் தள்ளி விழுத்தி வைக்கலைத் தின்றதென்று இறந்தவர் அதைப் பிடித்துக் கட்ட, காணிக்காரர் இறங்குதுறையில் பலர் கேட்க, "உன்ரை மண்டையைப் பிளப்பன்" என்று சொல்லியிருந்தார். மண்டை பிளந்து கிடந்தபோது ஊருக்கு வேறு யோசனை தேவைப்படவில்லை.

கண்ட சாட்சி ஒருவர்தான். இறந்தவரின் தங்கை. நாற்பது வயது. இளம் வயதில் விதவையாகி, பிள்ளைகள் இல்லாமல், தமையன் வீட்டோடு இருந்தவர். விடியப் பனம்பழம் பொறுக்கப் போனவர், கல்வேலிக்கு மேலால் ஒருவர் போவதைக் கண்டார். நாலாந் திகதி வெள்ளிக்கிழமை அவர் தந்த வாக்குமூலத்தில் பக்கத்துக் காணிக்காரரின் பெயர் இருந்தது. அதை எழுதியவன் நான். ஐந்தாந் திகதி பொலிசார் காணிக்காரரைக் கொண்டுபோய் மறியலில் வைத்தார்கள். வழக்கு மேல்கோட்டுக்குப் போனால் தூக்கு என்றுதான் எல்லோரும் கதைத்தார்கள்.

ஒன்பதாந் திகதி ஏழு இருபதுக்கு மறியலில் இருந்தவரின் மனைவி படலையைத் திறந்துகொண்டு வந்தார். என்னிலும் இளையவர். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"அண்ணை, நான் அழ வரேல்லை. ஒண்டு கேக்க வந்தனான்."

"கேளும்."

"செத்த அண்டைக்குச் செத்தவரின்ரை தங்கச்சி என்னெண்டு ஒப்புச் சொல்லி அழுதவ எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"நான் அதைக் கவனிக்கேல்லை."

"நான் கவனிச்சனான். படலைக்கு வெளியிலை நிண்டனான். இவருக்கும் அவருக்கும் கதை பேச்சில்லை எண்டபடியா உள்ளுக்குப் போகேல்லை. 'முகம் காட்டாமல் போனவனை நான் எங்கை போய்த் தேட' எண்டுதான் அழுதவ. அடுத்த நாள் மத்தியானம் மட்டும் அதுதான். பேந்துதான் இவரின்ரை பேர் வந்தது."

"நீர் அவரின்ரை மனிசி. அப்பிடித்தான் சொல்லுவீர்."

"ஓம், மனிசிதான். அதுக்காக எனக்குக் காது அவிஞ்சு போச்சோ? நான் மட்டுமோ கேட்டனான்? அங்கை நிண்ட எல்லாப் பொம்பிளையளும் கேட்டவை. இப்ப ஒருத்தருக்கும் ஞாபகமில்லையாம்." கொஞ்சம் நின்று என் மேசையைப் பார்த்தார். "எழுத்திலை ஒரு குற்று விடாத ஆள் எண்டு உங்களைச் சொல்லுவினம். குற்றெல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆளைத்தான் மாறி எழுதிப்போட்டியள்."

போய்விட்டார். படலையைச் சாத்தவில்லை. நான் எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்தேன்.

எங்கள் பக்கத்துச் செத்த வீட்டில், ஒவ்வொரு முறையும் புதிதாகப் பெண்கள் வந்து நுழையும்போது, உரிமைக்காரப் பெண்ணைக் கட்டிப்பிடித்து அழுவார்கள். வந்தவர் ஒப்பிலே கேட்பார், எப்படிப் போனான், ஆர் செய்தது என்று. உரிமைக்காரி ஒப்பிலே பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சகோதரத்தில் பாசமில்லை என்பார்கள். அந்த மூன்று நாளும் அந்தத் தங்கை எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். வந்தவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை. தாங்களும் ஒரு அடி சேர்த்து அழுதார்கள். நாம்பன் மாடும், இறங்குதுறைப் பேச்சும், கடைசியில் பெயரும் அப்படித்தான் ஒப்புக்குள் வந்திருக்க வேண்டும். பாட்டில் ஒரு தரம் அமைந்த சொல் அடுத்த தரம் தானாகவே வரும்.

அந்த மூன்று நாளும் நான் அவரைக் கேட்காமல் விட்டது என் பிழை. செத்த வீட்டில் பெண்ணைக் கூப்பிட்டு இருத்தி விசாரிப்பது மரியாதையில்லை என்று நினைத்தேன். சாம்பல் அள்ளும் காடாத்துச் சடங்கு முடியட்டும் என்று விட்டேன். ஊரில் எல்லோரும் அதை நல்ல பழக்கம் என்றுதான் சொன்னார்கள்.

அலுமாரியிலிருந்து என் நாட்குறிப்பை எடுத்து நாலாந் திகதியைப் பார்த்தேன். நீதவானுக்கு அனுப்பிய வாக்குமூலம் முழுவதும் அவருடைய வாயால் வந்ததுபோல இருக்கும்: "நான் இன்னாரைக் கண்டேன். அவர் கிழக்குப் பக்கமாகப் போனார்." வாக்குமூலம் அப்படித்தான் எழுதப்படும். கேள்வி அதில் வராது. நாட்குறிப்பில் நான் நடந்தபடி எழுதியிருந்தேன். "நான்: கண்டது பக்கத்துக் காணிக்காரரைத்தானே? அவ: (சற்றுப் பேசாமல் இருந்து) ஓம்." அந்த "தானே" என்னுடையது. என் கையெழுத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். அன்று காலை பிறப்புப் பதிய வந்த ஒருவரைப் பின்னேரம் வரச் சொல்லி அனுப்பினேன். அதற்கு முன் நான் அப்படிச் செய்ததில்லை.

பதிவு வேலையில் எனக்கு ஒரு முறை இருந்தது. தீவில் பல பிறப்புகள் மாதக் கணக்கில் பிந்தித்தான் பதியப்படும். என்ன திகதி என்று கேட்டால் தாய்மார் வாயில் வந்ததைச் சொல்வார்கள். பதினைந்தோ என்று நான் கேட்டால், ஓம், பதினைந்து என்பார்கள். அதனால் திகதியைக் கேட்பதை விட்டுவிட்டேன். பிள்ளை பெற்ற துடக்கை, அதாவது தீட்டை, முப்பத்தோராம் நாள் கழித்ததிலிருந்து பின்பக்கமாகச் சொல்லச் சொல்வேன். அன்று ஆர் வந்தது, அதற்கு முதல் என்ன, அதற்கு முதல் என்ன. ஒரு தாய் அப்படிச் சொல்லிக்கொண்டு போய், "நோவு வந்த அண்டைக்குத்தான் இந்த மனிசன் ஆட்டைத் துலைச்சுப்போட்டு வந்து நிண்டது" என்றார். புருசன், "ஆடு துலைஞ்சது தேருக்கு முதல் நாள்" என்றார். "ஆட்டின்ரை நாள் தெரியுது, பிள்ளையின்ரை நாள் தெரியேல்லை" என்று அந்தப் பெண் அவரைப் பார்த்த பார்வை இன்றைக்கும் ஞாபகம். திகதி கிடைத்துவிட்டது. இடையில் நான் வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பிறந்த நாளுக்குச் செய்த இந்த உதவியை ஒரு கொலைக்கு நான் செய்யவில்லை.

பின்னேரம் மூன்றரைக்கு இறந்தவர் வீட்டுக்குப் போனேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முந்தின நாள் முடிந்திருந்தது. பந்தல் கழற்றியாகிவிட்டது. இறந்தவரின் மனைவி முற்றத்தில் பாத்திரங்கள் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தங்கையை ஒரு விசயம் திரும்பக் கேட்க வேண்டும் என்றேன்.

"அதுதான் எல்லாம் எழுதிப்போட்டியளே. கண்டறியாத கேள்வி இன்னும் என்ன இருக்கு?"

"அங்கை போய் நிண்டு கேக்க வேணும் அக்கா. அரைமணித்தியாலம்."

"கேளுங்கோ. அவவுக்கும் வேறை என்ன வேலை" என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. தங்கையோடா என்னோடா என்று தெரியவில்லை.

தங்கையும் நானும் பனங்காணிக்குப் போனோம். பகிரங்கமான இடம், ஆனால் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அன்று நின்ற இடத்தில் அவரை நிற்கச் சொன்னேன். இரத்தம் பட்ட இடத்தில் மண் போட்டிருந்தார்கள். அவர் அங்கே பார்க்காமல் கடல் பக்கம் பார்த்தார்.

"அக்கா, ஆரைக் கண்டனீங்கள் எண்டு நான் கேக்கேல்லை. அண்டைக்கு விடிய எழும்பினதிலை இருந்து சொல்லுங்கோ. தேவையில்லாதது எண்டு நினைச்சு ஒண்டையும் விடாதேங்கோ. தெரியாதது தெரியாது எண்டு சொல்லுங்கோ. எனக்காக ஒண்டும் சேர்க்க வேண்டாம்."

"இப்ப வெய்யில் தம்பி. அண்டைக்கு மம்மல் வெளிச்சம்."

"அப்ப கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கோ."

மூடினார். பேனையை எடுத்து மூடிச் சட்டைப் பையில் வைத்தேன். எழுதிக்கொண்டு கேட்டால் எழுதுபவனின் வேகத்துக்குத்தான் சொல்பவர் சொல்வார்.

முதலில் ஒப்பில் வந்ததுதான் வந்தது, அதே சொற்கள், அதே ஒழுங்கு. நான் மறுக்கவில்லை. முடித்துவிட்டு நின்றார். காற்றில் காவோலை உரசிக்கொண்டிருந்தது. பிறகு, கண்ணைத் திறக்காமலே, "குளிராயிருந்தது" என்றார். "கடகம் இடுப்பிலை. அரைக் கடகம் பழம். வாசம். பேந்து தொப்பெண்டு ஒரு சத்தம். பழம் விழுந்தது எண்டு நினைச்சன் தம்பி. நல்ல பெரிய பழம் எண்டு நினைச்சு, எடுப்பம் எண்டு சத்தம் வந்த பக்கம் போனன்."

இது நாலாந் திகதி வரவில்லை.

"வேலியடிக்கு வந்தன். அங்காலை ஒருத்தன் போறான். தலையிலை ஓலைக் கட்டு. தோள்மூட்டு மட்டும் ஓலை. சாரத்தை மடிச்சுக் கட்டியிருந்தவன்."

"ம்."

"கால் மட்டும்தான். முதுகும் காலும்." கண்ணை இன்னும் இறுக்கி மூடினார். "முகம் இல்லை."

பெயரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அங்கே நிறுத்தியிருக்கலாம். மறியலில் இருந்தவருக்கு அது போதும். ஆனால் பதிவில் செய்வது போல முழுதையும் பின்பக்கமாகக் கேட்டுப் பார்க்காமல் நான் விடுவதில்லை. இரண்டு பக்கத்தாலும் ஒன்றாய் வருவதைத்தான் எழுதலாம்.

"இப்ப பின்னாலை இருந்து சொல்லுங்கோ அக்கா. சனம் வந்து குழறினதிலை இருந்து. அதுக்கு முதல் என்ன?"

"மாடு அவிழ்க்க வந்தவர் கத்திக் கேட்டது. ஓடி வந்தன்."

"அதுக்கு முதல்?"

"அடுப்பு ஊதிக்கொண்டிருந்தன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்குக் கேட்டது. கண்ணைத் திறந்தார். நாலாந் திகதி வாக்குமூலத்தில், ஆளைக் கண்டவுடன் வேலியால் ஏறி விழுந்து தமையனிடம் ஓடினேன் என்று இருந்தது. அதில் அடுப்பு இல்லை, குசினி இல்லை.

நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அன்பினால் என்று சொல்ல மாட்டேன். இடையில் பேசக் கூடாது என்பது என் முறை.

கல்வேலியில் ஒரு கையை வைத்துக்கொண்டு சொன்னார். "அதுக்கு முதல் கடகத்தைக் குசினி வாசலிலை இறக்கினன். அதுக்கு முதல் ஓடினன். அதுக்கு முதல் அண்ணை கூப்பிட்டவர்."

கையை வேலியிலிருந்து எடுத்தார்.

"'தங்கச்சி' எண்டு. ஒருக்கா இல்லை, ரெண்டு தரம். எனக்குத் தெரியும் அண்ணையின்ரை குரல் எண்டு. எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. ஓலைக்காரன் திரும்பி வருவான் எண்டு. கடகத்தைக்கூடக் கீழை போடாமல் ஓடினன் தம்பி. போய் அடுப்பு மூட்டினன். ஒண்டும் நடக்காத மாதிரி ஊதினன்."

"எவ்வளவு நேரம்?"

"தண்ணி கொதிச்சிட்டுது."

இவ்வளவு நேரமும் அழாதவர் அப்போதும் அழவில்லை. "ஆர் ஆரெண்டு எல்லாரும் கேட்டினம். இவன்தானே எண்டு ஆரோ சொல்லிச்சினம். ஓம் எண்டன். பேரைச் சொன்னாப் பிறகு ஒருத்தரும் மிச்சத்தைக் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை."

"ஓம். நான் கேக்கேல்லை."

"உடனை போயிருந்தாத் தப்பியிருப்பாரோ?"

வைத்தியரின் அறிக்கையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. தெரியாது என்றேன். தப்பியிருக்க மாட்டார் என்று சொல்லியிருக்கலாம். வேறு எவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். சொல்லாததைப் பற்றிப் பல நாள் யோசித்திருக்கிறேன். சரி என்று ஒரு நாளும் பிழை என்று ஒரு நாளும் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த இடத்திலிருந்து குசினி வாசலுக்கு அடி வைத்து அளந்தேன். நூற்றுத் தொண்ணூறு அடி. பிறகு கல்லில் கடதாசியை வைத்து, அவர் சொன்ன சொற்களில், நான் கேட்ட கேள்விகளையும் சேர்த்து எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுப்பையும் எழுதப் போறீங்களோ?"

"எழுத வேணும் அக்கா. ஓலைக்கட்டை எழுதிப்போட்டு அடுப்பை விட்டா, முதல் ஒண்டு சொன்னா, இப்ப ஒண்டு சொல்லுறா எண்டு ரெண்டையும் தள்ளிப்போடுவினம். ஏன் மாறினது எண்டு இருந்தாத்தான் நம்புவினம்."

"மச்சாள் என்னை வைச்சிருக்க மாட்டா."

அவருக்குப் போக வேறு வீடு இல்லை என்பது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். கையெழுத்து வைக்கச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரமில்லை. கையெழுத்தில்லாத கடதாசியால் மறியலில் இருந்தவருக்குப் பிரயோசனமில்லை. இரண்டையும் சொன்னேன்.

"கடதாசி சொல்ல முதல் நான் மச்சாளுக்குச் சொல்ல வேணும்" என்றார். "நாளைக்கு லோஞ்சிக்குப் போகேக்கை வாங்கோ. வைக்கிறதெண்டா வைக்கிறன். இல்லையெண்டா நீங்கள் போங்கோ."

ஐந்தே காலுக்கு வீட்டுக்கு வந்தேன். பின்னேரம் வரச் சொன்னவர் வந்து காத்திருந்தார். பிறப்பைப் பதிந்தேன், ஆண் பிள்ளை. பிறகு நீதவானுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலாந் திகதிய வாக்குமூலத்தில் உள்ள பெயர் என் கேள்வியால் வந்தது என்றும், அந்தக் கேள்வி இதுதான் என்றும், நாட்குறிப்புப் பக்கத்தின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது என்றும். இரண்டாம் வாக்குமூலம் எடுக்க உமக்கு அதிகாரம் இருந்ததா என்று பிறகு நீதவான் என்னை மன்றில் கேட்டார். இல்லை என்று நினைக்கிறேன் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு கடதாசியை வாசித்தார். மறியலில் இருந்தவர் அந்த மாதம் முடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஓலைக்கட்டோடு போனவன் ஆரென்று இன்றுவரை தெரியாது. அந்தக் கொலைக்காக வேறு எவரும் பிடிபடவில்லை. வந்தவரும் நிம்மதியாக இருக்கவில்லை. பாதி ஊர் கடைசிவரை அவர்தான் என்றே நம்பியது. அவர் மனைவி என்னைக் கண்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எந்தச் சாவு என்றாலும், பந்தல் போட முதல், முதல் ஒப்பு எழும்ப முதல், சாட்சியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வைத்துவிடுவேன். கேள்வியையும் எழுதுவேன். மரியாதை தெரியாதவன் என்று பெயர் வந்தது. பதினைந்து வருடமாக அந்தப் பெயரோடு இருக்கிறேன்.

பத்தாந் திகதி வியாழக்கிழமை, விடிய ஐந்து மணிக்கு இறந்தவர் வீட்டுப் படலையடியில் நின்றேன். குசினியில் விளக்கு எரிந்தது. இறந்தவரின் மனைவிதான் வெளியே வந்தார். கண் வீங்கியிருந்தது. கையை நீட்டினார்.

"கடதாசியைத் தாருங்கோ."

"அவதான் வைக்க வேணும் அக்கா."

"தெரியும். வைக்கச் சொன்னது நான்தான்." கடதாசியை வாங்கினார். "சொல்லிப்போட்டா. எல்லாத்தையும் சொல்லிப்போட்டா. அந்த மனிசன் ரெண்டு தரம் கூப்பிட்டதாம்."

உள்ளே போனார். நான் படலையிலிருந்து பார்த்தேன். தங்கை குசினி வாசலில் சுவரோடு இருந்தார். மச்சாள் ஒரு பலகையையும் கடதாசியையும் அவர் மடியில் வைத்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றார். கையெழுத்து வைத்து முடித்ததும் மச்சாள் விளக்கை நிலத்தில் வைத்துவிட்டு, கடதாசியைக் கொண்டுவந்து தந்தார்.

"இஞ்சைதான் இருப்பா" என்றார். "நான் அவவோடை கதைக்க மாட்டன். ஆனா இஞ்சைதான் இருப்பா."

மை காயும் வரைக்கும் கடதாசியை விரித்துப் பிடித்தபடி இறங்குதுறைக்கு நடந்தேன்.